பதினான்கு எண்கள்

பார்ப்பதற்குப் பழைய கியர் ஆயில் மாதிரி இருக்கும். கரும்சாம்பல் நிறம். புட்டியைக் கையில் எடுக்கும்போதுதான் ஏதோ வித்தியாசம் என்று தெரியும். அதே அளவு தண்ணீரைப்போல மூன்று மடங்கு கனக்கும், லிட்டருக்கு ஏறக்குறைய மூன்று கிலோ. விரலில் பட்டால் சோப்புக்கெல்லாம் மசியாது, நகக்கண்ணில் இரண்டு நாள் கருப்பாகத் தங்கும். கொஞ்சத்தை ஒரு பிளாஸ்டிக் கப்பில் ஊற்றி, அடியில் நல்ல காந்தம் ஒன்றை ஒட்டிவைத்தால் கெட்டியாகிவிடும், கரண்டியைக் குத்தினால் நிற்கும். காந்தத்தை எடுத்த நொடியில் மறுபடி எண்ணெய்.

இதன் முழுப்பெயர் மேக்னட்டோரியாலஜிகல் திரவம். சுருக்கமாக எம்.ஆர். திரவம். எங்கள் கல்லூரி ஆய்வுக்கூட உதவியாளர் அதற்கு 'ராதா ஆயில்' என்று பெயர் வைத்திருந்தார். எம்.ஆர். என்றால் அவருக்கு எம்.ஆர். ராதாதான். ஒருவிதத்தில் பொருத்தமான பெயர். சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று கட்டிக்கொள்ளும் அந்த நடிகரைப் போலத்தான் இந்தத் திரவமும்.

உள்ளே இருப்பது பெரிய ரகசியம் இல்லை. கார்பனைல் இரும்பு என்று ஒரு பொடி. மிகத் தூய்மையான இரும்பு, சில மைக்ரான் விட்டமுள்ள குட்டிக்குட்டி உருண்டைகள். அதை எண்ணெயில் கலந்திருப்பார்கள், கன அளவில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை. பொடி அடியில் படிந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் சேர்மானங்கள். காந்தப்புலம் வந்ததும் ஒவ்வொரு உருண்டையும் ஒரு சின்னக் காந்தமாகி, பக்கத்து உருண்டையோடு கைகோத்து, புலத்தின் திசையில் சங்கிலி சங்கிலியாக நிற்கும். இந்தச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டுதான் திரவம் நகர முடியும். அறுக்கத் தேவையான அழுத்தம் 50 முதல் 100 கிலோபாஸ்கல் வரை போகும். இதெல்லாம் சில மில்லி விநாடிகளில் நடந்து முடிந்துவிடும், இமைப்பதற்கு அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜேக்கப் ராபினோ. 1910இல் கார்கிவ் நகரில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குப் போனவர். அங்கே அரசின் தர நிர்ணயக் கூடத்தில் வேலை. வாழ்நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் வாங்கிய மனிதர். எழுத்துகளை வாசிக்கும் இயந்திரம்கூட அவர் செய்தவற்றில் ஒன்று. 1948இல் இந்தத் திரவத்தை வைத்து ஒரு கிளட்ச் செய்து காட்டினார். திரவம் நிரப்பிய சிறு கருவி ஒன்றில் ஓர் இளம்பெண்ணைத் தொங்கவைத்து அதன் பலத்தை அவர் நிரூபித்த கதை, இந்தத் துறையின் கட்டுரைகளில் இன்றும் திரும்பத் திரும்ப வரும். அதன் பிறகு சுமார் நாற்பது வருடங்கள் யாரும் இதைப் பெரிதாகச் சீண்டவில்லை. பொடி படிந்துவிடுகிறது, சீல்களை அரிக்கிறது என்று காரணங்கள் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு மில்லி விநாடியில் மாறக்கூடிய திரவம் இருந்து என்ன பயன், ஒரு மில்லி விநாடியில் முடிவெடுக்கிற மலிவான மூளை இல்லாதபோது? அந்த மூளை 1980களின் கடைசியில்தான் வந்தது.

1990களில் வட கரோலினாவின் கேரி நகரத்தில் இருந்த லார்ட் கார்ப்பரேஷன் இதைக் கடைச்சரக்காக்கியது. ஃபெராரி காரில் இருக்கிறது, டோக்கியோவின் மிராய்கன் அருங்காட்சியகத்தில் 2001இல் முப்பது டன் விசை தரும் இரண்டைப் பூகம்பத்துக்காகப் பொருத்தினார்கள், சீனாவின் துங்திங் ஏரிப் பாலத்தில் மழையும் காற்றும் சேர்ந்து கேபிள்களை உலுக்காமலிருக்க 312 வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் நாங்கள் செமினார்களில் படம் போட்டுக் காட்டுவோம். ஆனால் இந்தத் தொழில்நுட்பம் முதலில் விலைபோன இடங்களில் ஒன்று இதைவிட மிகவும் சாதாரணமானது. லாரி டிரைவரின் சீட்டு.

அந்த வரியை நான் படித்தது 2009இல், இறுதியாண்டு பிராஜெக்ட்டுக்காக. படித்ததும் சித்தப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் சங்ககிரி. லாரி ஊர். வீட்டுக்கு ஒருவர் வண்டியில் இருப்பார், அல்லது வண்டிக்குப் பட்டறை வைத்திருப்பார், அல்லது வண்டிக்குப் பைனான்ஸ் கொடுத்திருப்பார். சித்தப்பா பதினாறு வயதில் கிளீனராக ஏறியவர். நாக்பூர், இந்தூர், சில சமயம் அதற்கும் மேலே. அவர் ஓட்டிய வண்டிகளில் பெரும்பாலானவை கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக வந்து, திருச்செங்கோட்டில் கேபின் கட்டியவை. மரத்தில் அடித்த கேபின். உள்ளே சாமி படத்துக்கு விளக்கு வைக்க, துணி மாட்ட, படுக்க எல்லாவற்றுக்கும் இடம் யோசித்துக் கட்டுவார்கள். அந்த ஆசாரிகளின் வேலை பார்க்கிறதுக்கே அழகாக இருக்கும். டிரைவர் சீட்டு மட்டும் பலகைமேல் ஒரு மெத்தை. அதற்குமேல் சித்தப்பா தன் கணக்கில் மடித்த சாக்கு ஒன்றும், காற்று பாதி இறக்கிய பழைய டியூப் ஒன்றும் போட்டிருப்பார். வண்டியை விட்டு இறங்கினால் நாலு எட்டு வைக்கும்வரை நிமிர மாட்டார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் நடை அப்படித்தான். அது அவருடைய இயல்பான நடை என்றே நினைத்திருந்தேன்.

மனித உடம்பு உட்கார்ந்த நிலையில் மேலும்கீழுமான அதிர்வில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அதிகம் பாதிக்கப்படும், அதாவது விநாடிக்கு நாலிலிருந்து எட்டு குலுக்கல். ஐ.எஸ்.ஓ. 2631 என்கிற தரநிலை அந்தப் பகுதிக்குத்தான் அதிக எடை கொடுத்துக் கணக்குப் போடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் ஓர் உத்தரவு போட்டது. எட்டு மணி நேர வேலைக்கு, எடையிட்ட முடுக்கம் 0.5 மீட்டர்/விநாடி² தாண்டினால் முதலாளி ஏதாவது நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 1.15ஐத் தாண்டவே கூடாது. எட்டு மணி நேரம் என்கிறார்கள். சித்தப்பாவின் ஒரு நாள் எத்தனை மணி நேரம் என்று யாரும் எண்ணியதில்லை.

எங்கள் கைடு வேறொரு ஆய்வுத்திட்டத்துக்காக அமெரிக்காவிலிருந்து வரவழைத்த டாம்பர் ஒன்று இருந்தது. ஒரு சாண் நீளம், பைக் ஷாக் அப்சார்பரைவிடச் சின்னது. பிஸ்டனுக்குள்ளேயே கம்பிச்சுருள். ஒரு ஆம்பியர் கொடுத்தால் போதும். கரண்ட் இல்லாதபோது கையால் இழுக்கலாம். கரண்ட் கொடுத்தால் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தாலும் அசையாது. அதை ஹைட்ராலிக் சோதனை இயந்திரத்தில் மாட்டி, மேலும்கீழும் சைன் அலையாக ஆட்டி, விசையையும் இடப்பெயர்ச்சியையும் பதிவு செய்வதுதான் எங்கள் வேலை. எளிதாகத்தான் தோன்றும்.

நாங்கள் டாம்பரை மாட்டப் போனபோது கைடு தடுத்தார். "மொதல்ல ஒரு ஸ்பிரிங்கைப் போட்டு ஓட்டுங்கப்பா" என்றார். ஸ்பிரிங்கை எதற்கு என்று புரியவில்லை. ஸ்பிரிங்கில் விசையும் இடப்பெயர்ச்சியும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும், வரைபடத்தில் ஒரே கோடு வரவேண்டும். ஓட்டினோம். கோடு வரவில்லை. நெல்மணியை நீட்டிவிட்டதுபோல மெல்லிய வளையம் ஒன்று வந்தது. விசை அளக்கும் கருவியின் வடிகட்டியும் இடப்பெயர்ச்சி அளக்கும் கருவியின் வடிகட்டியும் வேறு வேறு. ஒன்று மற்றதைவிட இரண்டு மில்லி விநாடி பிந்தியிருந்தது. 5 ஹெர்ட்ஸில் அது மூன்றரை டிகிரி. நேராக டாம்பரை மாட்டியிருந்தால் அந்த வளையத்தையும் டாம்பரின் குணம் என்று எழுதி, அதற்கு ஒரு சமன்பாடும் கண்டுபிடித்திருப்போம். பின்னாளில் மென்பொருளில் எத்தனையோ பேரிடம் வேலை கற்றேன். அளவிடும் கருவியை முதலில் அள என்று அவர் சொல்லிக்கொடுத்த அளவுக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை.

பிறகு சூடு. இந்த டாம்பர் குலுக்கலின் ஆற்றலை விழுங்கி வெப்பமாக்குகிறது, அதுதான் அதன் பிழைப்பு. பத்து நிமிடம் ஓடினால் கை வைக்க முடியாது. சூடேறினால் எண்ணெய் இளகும், கம்பிச்சுருளின் மின்தடை ஏறும், விசை இறங்கும். காலையில் எடுத்த அளவும் மத்தியானம் எடுத்ததும் ஒத்துப்போகாது. வெளியே ஒரு தெர்மோகப்பிளை ஒட்டி, ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் குறிப்பிட்ட சூடு வரும்வரை காத்திருப்போம். அந்தக் காத்திருப்பில்தான் பாதி செமஸ்டர் போனது.

வரைபடம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். சாதாரண ஷாக் அப்சார்பரில் வேகம் கூடக்கூட விசை கூடும். எம்.ஆர். டாம்பரில் வேகம் கொஞ்சம் வந்ததுமே விசை ஒரேயடியாக ஏறி, பிறகு சமதளமாகப் போகும், சங்கிலி அறுந்துகொண்டே இருக்கிறதல்லவா. இதை மட்டும் எழுதுவது சுலபம். ஓர் உராய்வு, ஒரு பாகுத்தன்மை. பிங்காம் மாதிரி என்று பெயர். 1980களிலேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் வேகம் பூச்சியத்துக்குப் பக்கத்தில், அதாவது பிஸ்டன் திசை திரும்புகிற இடத்தில், இது பொய்த்துப் போகும். அங்கே ஏறும் பாதையும் இறங்கும் பாதையும் வேறு. ஒரே வேகம்தான், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதைப் பொறுத்து விசை மாறும். இதை ஹிஸ்டரிசிஸ் என்கிறோம். பாடப்புத்தகத் தமிழில் தயக்கம் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனாலும் அது தயங்குவதாக எனக்குப் படவில்லை, வந்த வழியை மனதில் வைத்திருப்பதாகத்தான் படுகிறது.

1997இல் ஸ்பென்சர், டைக், செயின், கார்ல்சன் என நான்கு பேர் எழுதிய ஆய்வுக்கட்டுரைதான் இந்தத் துறையில் எல்லோரும் கைவைக்கும் கட்டுரை. நோத்ர தாம் பல்கலைக்கழகத்தில் செய்தது. பிரெஞ்சுக்காரர் பூக்கும் பிறகு வென்னும் 1960, 70களில் வேறு காரியத்துக்காக எழுதிய ஒரு சமன்பாட்டை எடுத்து, டாம்பரில் இருக்கும் நைட்ரஜன் அறைக்கு ஒரு ஸ்பிரிங்கையும், வேகம் குறையும்போது விசை மெல்லச் சரிவதற்கு இன்னொரு டேஷ்பாட்டையும் சேர்த்தார்கள். மொத்தம் பதினான்கு எண்கள். அவற்றைச் சரியாக நிரப்பினால் கணினியில் வரையும் கோடு சோதனைக் கோட்டின்மேல் ஒட்டிக்கொள்ளும். நடுவில் 'இசட்' என்று ஒரு மாறி. அதுதான் வந்த வழியை வைத்திருப்பது. அதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. திரவத்துக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டவும் முடியாது. கணக்குக்குத் தேவைப்படுகிறது, ஆகவே இருக்கிறது.

பதினான்கு எண்களைத் தேடுவதற்கு நான் நிரல் எழுதினேன். ராத்திரி ஓடவிட்டுப் படுத்தால் காலையில் விடை இருக்கும். அடுத்த நாள் வேறு தொடக்கப் புள்ளியிலிருந்து ஓடவிட்டால் வேறு பதினான்கு எண்கள், அதே அளவு நன்றாக ஒட்டும் கோடு. இரண்டில் எது உண்மை என்று கேட்டால், அந்தக் கேள்வியே இந்த மாதிரிக்குப் பொருந்தாது என்பதுதான் பதில். இது எனக்குப் பெரிய ஏமாற்றமாகவும் அதே நேரத்தில் பெரிய ருசியாகவும் இருந்தது. மெக்கானிக்கல் படித்தவன் மென்பொருளுக்குப் போனதற்கு எல்லோரும் சம்பளத்தைக் காரணம் சொல்வார்கள். எனக்கு அந்த ராத்திரிகளும் ஒரு காரணம்.

அந்த நாட்களில் ஒருமுறை சித்தப்பா கோயம்புத்தூருக்கு லோடு கொண்டுவந்திருந்தார். உக்கடம் பக்கம் வண்டியைப் போட்டுவிட்டு, பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்தார். குளித்துச் சட்டை மாற்றியிருந்தார். கையில் மிக்சர் பொட்டலம்.

டாம்பரைக் கையில் கொடுத்தேன். இழுத்துப் பார்த்தார், வந்தது. பேட்டரி ஒயரைத் தொட்டேன். இழுத்தார். வரவில்லை. இன்னும் அழுத்தி இழுத்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. ஒயரை எடுத்ததும் சட்டென்று வந்துவிட்டது, கொஞ்சம் தடுமாறினார். சிரித்தார்.

"இதுக்கு எத்தன பேட்டரி வேணுங் கண்ணு?"

"வண்டி பேட்டரியே போதுங்க சித்தப்பா."

"கரண்டு கட்டாயிருச்சுன்னா?"

இதைத்தான் பூகம்பப் பொறியாளர்களும் முதலில் கேட்பார்கள். பூகம்பம் வந்தால் முதலில் போவது மின்சாரம். கரண்ட் போனால் இது சாதாரண ஷாக் அப்சார்பர் ஆகிவிடும், தானாக ஆற்றலை உள்ளே தள்ளாது, ஆகவே கட்டடத்தைத் தானே ஆட்டிவிடும் அபாயம் இல்லை. சொன்னேன். தலையாட்டினார். பிறகு இயந்திரம் ஓடுவதைப் பார்த்தார். 2.5 ஹெர்ட்ஸ், ஒன்றரை சென்டிமீட்டர், அந்த 1997 கட்டுரையில் இருந்ததுபோலவே. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது லோடு வண்டி கண்ணு. லோடு ஏத்துன வண்டி தாலாட்டும். எம்ப்ட்டிதான் ஆளைக் கொல்லும். அது இப்படி ஆடாது. பொடிசா, வெடுக்கு வெடுக்குன்னு அடிக்கும்."

கைடு அப்போது பின்னால் நின்றிருந்தார். "சார் சொல்றது சரி" என்றார். சித்தப்பாவை யாரும் அதுவரை சார் என்று சொல்லியிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். லாரியின் பட்டைகளை முழு லோடுக்காகத்தான் விறைப்பாகச் செய்திருப்பார்கள். லோடை இறக்கினால் மேலே இருக்கும் எடை மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, பட்டை அதேதான். அதிர்வெண் வர்க்கமூலத்தில் ஏறும். 2 ஹெர்ட்ஸில் தாலாட்டிய வண்டி மூன்றரைக்குப் பக்கம் போய்விடும். நேராக உடம்பு தாங்காத பகுதியின் வாசலுக்கு. முன்னச்சு, கேபின், பட்டைகளுக்கு இடையே உரசல் என்று நூறு விஷயங்களை விட்டுவிட்ட தோராயக் கணக்குதான், ஆனால் திசை சரி. ஆகவே சின்ன வீச்சு, அதிக அதிர்வெண் என்று புதிதாகச் சோதனைகள் சேர்த்தோம். மூன்று மில்லிமீட்டர், 6 ஹெர்ட்ஸ். அங்கே எங்கள் பதினான்கு எண்கள் கோட்டை விட்டு விலகின. பெரிய ஆட்டத்துக்குப் பொருத்திய எண்கள் சின்ன ஆட்டத்தை ஓரளவுக்குத்தான் பிடித்தன. ரிப்போர்ட்டில் அதற்கென்று தனி அத்தியாயம் எழுதினேன். எழுதியதில் உருப்படியானது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

போகும்போது வெலை என்ன என்று கேட்டார். சொன்னேன். அவருடைய நாலைந்து மாத வருமானம். "ஓனர் டயருக்கே அழுவறான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

2014இல் அவருக்கு இடுப்பில் டிஸ்க் விலகி, வலது கால் மரத்துப்போனது. ஆபரேஷன். டாக்டர் என்ன வேலை என்று கேட்டார், டிரைவர் என்றோம், ம்ம் என்று எழுதிக்கொண்டார். அந்த ஒரு ம்ம்மில் இருபத்தைந்து வருடமும் அடங்கிவிட்டது. விபத்து என்றால் எஃப்.ஐ.ஆர். இருக்கும், இன்ஷூரன்ஸ் இருக்கும், கேஸ் நடத்த வக்கீல்கள் இருப்பார்கள். இது விபத்து இல்லை. ஒவ்வொரு குலுக்கலும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வண்டி முதலாளி வந்து பத்தாயிரம் ரூபாயும் ஆப்பிளும் கொடுத்துவிட்டுப் போனார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு இரண்டு வண்டி, இரண்டுமே டியூவில். எந்த டாக்டரும் எந்தச் சட்டமும் இந்த முதுகுக்கும் அந்தச் சீட்டுக்கும் நடுவே கோடு போட்டுக் காட்டும்படி எங்களிடம் எதுவுமே இல்லை. அளவு என்று ஒன்று இருந்தால்தானே. ஒரு டாம்பரை நூற்றுக்கணக்கான முறை ஆட்டி, ஒவ்வொன்றையும் பதிந்து, பதினான்கு எண்களில் அடக்கியவன் நான். அந்த டாம்பருக்குக் கிடைத்த கவனத்தில் கொஞ்சம்கூட அதன் மேலே உட்கார வேண்டிய மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

2025 அக்டோபர் 1 முதல் புது லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம். நல்ல விஷயம்தான், இதற்காக யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள். சீட்டும் மாறிக்கொண்டுதான் வருகிறது. சித்தப்பா மகன் இப்போது ஓட்டும் வண்டியில் காற்றுப்பை வைத்த சீட்டு. ஆனால் அவன் அதைக் கீழே இறக்கிப் பூட்டிவைத்திருக்கிறான். ஆடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் கால் எட்டவில்லையாம், ரோடு தெரியவில்லையாம். அவன் சொல்வதும் பொய்யில்லை. மென்மையான சீட்டு குழியில் அடித்தால் ஒரேயடியாக அடிவரை போய் முட்டும், கெட்டியான சீட்டு ஒவ்வொரு கல்லையும் முதுகுக்கு அனுப்பும். மெத்தென்று இருக்க வேண்டிய நேரத்தில் மெத்தென்றும், பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடித்தும் இருக்கிற ஒன்றுக்காகத்தான் அந்தக் கருப்பு எண்ணெயை நாங்கள் ஆட்டிக்கொண்டிருந்தோம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவனோடு வண்டியில் பவானிவரை போய் வந்தேன். போகும்போது லோடு, வரும்போது எம்ப்ட்டி. இரண்டு முறையும் என் போனை அவன் சீட்டில் ஒட்டி, முடுக்கமானியை விநாடிக்கு நூறு முறை பதியவிட்டேன். போன் ஒன்றும் ஆய்வுக்கருவி இல்லை. அதனால் கிளம்பும் முன் அதை ஒரு ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, ஸ்டாப்வாட்சில் ஆட்டத்தை எண்ணிச் சரிபார்த்தேன். பழக்கம் விடுமா. ஐ.எஸ்.ஓ. எடையிட்டுப் பார்த்ததில் லோடோடு போனபோது 0.5ஐத் தொட்டு நின்றது, எம்ப்ட்டியில் 0.9. நல்ல ரோட்டில், முக்கால் மணி நேரத்தில்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் கோட்டை விரித்தேன். சித்தப்பா கயிற்றுக்கட்டிலில் சாய்ந்திருந்தார், இப்போது ஸ்பின்னிங் மில்லில் வாட்ச்மேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். எது என்ன என்று கேட்டார். இது நேரம், இது அடி என்றேன். கோட்டின்மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். ஓர் இடத்தில் இரட்டையாகக் குத்திட்டு நின்றது. "இது குமாரபாளையத்துப் பாலம். ஏறையில ஒன்னு, எறங்கையில ஒன்னு" என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளி வரிசையாக ஐந்து சின்னக் கூர்கள். "வேகத்தடை. புதுசா போட்டிருக்கானா? நான் ஓட்டறப்ப இல்ல." நேரத்தைப் பார்த்து மகன் ஆமாம் என்றான்.

திரும்பி வந்த கோட்டை விரித்தேன். ஊர் பெயர் எதுவும் நான் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கை தானாக இடுப்புக்குப் போனது.

"எம்ப்ட்டியா?" என்றார்.